ஏற்றிச் செல்ல இயலாதவை

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்த நிபந்தனைகளில் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. எரிவாயு சிலிண்டர், மண்ணெண்ணெய், பெயின்ட், பட்டாசு. நகை, ரொக்கம், பத்திரங்கள், சான்றிதழ்கள். தொட்டிச் செடி, நாய், பூனை. எண்ணெய், ஊறுகாய், சமைத்த உணவு. நிறுவனத்துக்கு நிறுவனம் ஒன்றிரண்டு கூடும், குறையும். அதன் பொருள் மட்டும் ஒன்றுதான்: இவற்றை நாங்கள் ஏற்றமாட்டோம், வாடிக்கையாளர் தம் சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செல்லட்டும்.

யார் அந்த வாடிக்கையாளர்? கையெழுத்துப் போடுபவர் கணவர். மடியில் வைத்துக்கொண்டு வருபவள் மனைவி.

சிலிண்டர் வெடிக்கும், எண்ணெய் கொட்டும், செடி வழியிலேயே வாடும், இதில் எங்கே வந்தது ஆணாதிக்கம் என்று கேட்பார்கள். லாரிக்காரர்மீது எனக்குப் புகார் இல்லை. எதைச் சுமக்கமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டு, சுமப்பதற்குக் கூலி கேட்கிறார். லாரி மறுத்ததையெல்லாம் கூலி இல்லாமல் சுமப்பவளைப் பற்றியது என் கேள்வி.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேறு ஊருக்குப் போவதென்றால் கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, மாற்றுச் சீட்டு வாங்கி, போகுமிடத்தில் மறுபடி வைப்புத்தொகை கட்ட வேண்டும். இடையில் அடுப்பு இல்லாத நாட்களிலும் மூன்று வேளை பசிக்கும். அந்தப் பசிக்கு யார் பொறுப்பு என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். எங்கள் தருமபுரிப் புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தவள் அவள். ராகியைக் காயவைத்து அரைத்தவள் அவள். ஒரு வருடத்து உழைப்பு லாரிக்காரரின் கணக்கில் கெட்டுப்போகும் பொருள். தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த கறிவேப்பிலைக் கன்று பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பத்திரப் பை மட்டும் அவள் மடிக்கு வருகிறது. வழிநெடுகத் தூங்காமல் அவள் அணைத்துவரும் அந்தப் பையில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தில் பெரும்பாலும் அவள் பெயர் இருக்காது.

சரக்கு ஏற்றிச் செல்வோருக்காக ஆங்கிலேயர் 1865இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். நகை, பட்டு, பத்திரம் போன்ற சில பொருட்களின் மதிப்பு நூறு ரூபாயைத் தாண்டினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காதது தொலைந்தால் வண்டிக்காரர் பொதுவாக ஈடு தர வேண்டியதில்லை. 2007இல் அதற்குப் பதிலாக வேறு சட்டம் வந்துவிட்டது. நம் வீடுகளில் அந்தப் பழைய சட்டமே இன்னும் செல்லுபடியாகிறது: மதிப்பை அறிவிக்காத எதற்கும் ஈடு கிடையாது. காப்பீட்டுப் படிவத்தில் டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் பைக்குக்கும் விலை எழுதுகிறோம். அவள் விட்ட வேலைக்கு? சீட்டுப் பணம் புரட்டிய தெருவுக்கு, அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கு? என்னிடம் முதுகலை படித்த ஒருத்தி, கணவருக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்ததும் கடைசிப் பருவத் தேர்வுக்கு முன் நின்றுவிட்டாள். சோபா கீறலில்லாமல் போய்ச் சேர்ந்தது.

இது ஒருத்தியின் கதையல்ல. 2020-21ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, இந்திய ஆண்களில் இடம்பெயர்ந்தவர்கள் 10.7 சதவீதம், பெண்களில் 47.9 சதவீதம். அந்தப் பெண்களில் 86.8 சதவீதம் பேர் சொன்ன காரணம் திருமணம். இந்த நாட்டில் அதிகம் இடம் மாற்றப்படுவது பெண்தான். சாமானும் அவளே, சுமைகூலியும் அவளே.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இழப்புக் கணக்கு புதிதல்ல. பாலைத் திணைப் பாடல்களில், மகள் உடன்போக்கில் சென்றபின் அவள் விட்டுப்போன பந்தையும் பாவையையும் கழங்கையும் பார்த்துத் தாய் அழுகிறாள். தாய்ப்பாசம் என்று வகுப்பில் நடத்திவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். விரும்பியவனோடு விரும்பிப் போனவளுக்கே இத்தனை மிச்சம் கிடக்கிறது. யாரோ ஒருவனோடு அனுப்பிவைக்கப்பட்டவள் விட்டுப்போனதை யார் எண்ணியது?

ஏற்ற மறுத்த கதை ஒன்று எங்கள் பாப்பாரப்பட்டிக்கும் உண்டு. சிறையில் தொழுநோய்க்கு ஆளான சுப்பிரமணிய சிவாவை ரயிலில் ஏறவிடாமல் ஆங்கில அரசு தடுத்தது. அவர் ஊர் ஊராக நடந்தார். பாரத மாதாவுக்கு இங்கே கோயில் எழுப்ப 1923இல் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்டவைத்தார். 1925 ஜூலை 23 அன்று இங்கேயே இறந்தார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து நினைவாலயம் எழுந்தது. மாதாவுக்கு நிலையான முகவரி கிடைத்துவிட்டது. இதே மண்ணிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் போகும் பெண்ணுக்கு எந்த நிறுவனமும் வண்டி அனுப்புவதில்லை. பாத்திரமும் பாயும் ராகியும் ஒரு மூட்டை, இடுப்பில் குழந்தை. இதை ஏற்றமாட்டேன் என்று சொல்வதற்குக்கூட அங்கே ஆளில்லை. எல்லாமே அவள் தலையில்.

ஆகவே தோழிகளே, அடுத்த முறை வீடு மாற்றும் பேச்சு எழுந்தால், நாள் பார்ப்பதற்கு முன் ஒரு தாள் எடுங்கள். லாரிக்காரரைப் போலவே எழுதுங்கள். மாற்றல் யாருக்கு வந்ததோ, கேஸ் ஏஜென்சி வரிசையும் அவருக்கு. பத்திரப் பை, பத்திரத்தில் பெயர் உள்ளவர் மடிக்கு. நகை உங்கள் பெயரில் உள்ள லாக்கருக்கு. சீதனம் பெண்ணின் முழு உடைமை, கணவர் அதைப் பாதுகாத்துத் திருப்பித் தர வேண்டியவர் மட்டுமே என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தேர்வு இருக்கிறதென்றால் அது முடியும்வரை வண்டி வராது. நீங்கள் விடப்போகும் வேலையின் மாதச் சம்பளத்தை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். புதிய ஊரில் வேலை கிடைக்கும்வரை அது எப்படி ஈடாகும் என்று கேளுங்கள்.

சண்டை வரும். குடும்பத்தில் கணக்குப் பார்ப்பாயா என்பார்கள். டிவிக்குப் பார்த்த கணக்குத்தானே என்று சொல்லுங்கள். கீழே கையெழுத்து விழும்வரை ஓர் அட்டைப்பெட்டியைக்கூட ஒட்டாதீர்கள்.