எரிந்த காமனும் எரியாத அன்பும்

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்திற் பங்குனி உத்தரப் பெருவிழா ஆண்டுதோறும் நிகழ்கிறது. அந்நாட்களை ஒட்டி வரும் நிறைமதியில் வடநாட்டார் ஹோலி கொண்டாடுவர். முதல்நாள் இரவு தீ வளர்ப்பர். மறுநாள் வண்ணம் தூவுவர். அண்மைக் காலத்தில் கொழும்பிலும் இவ்விழாவின் பெயரால் வண்ணப்பொடிக் களியாட்டங்கள் நடைபெறுகின்றன. ‘இஃது அயலார் விழா’ என்பர் சிலர். ‘வெறும் கேளிக்கை’ என்பர் வேறு சிலர். இரண்டும் பொருந்தா என்பதே என் துணிபு.

வண்ணநீர் விளையாட்டு தமிழர்க்குப் புதிதன்று. வையை நீராட்டிற் செந்நிற அரக்குநீரைப் பீச்சி மகிழ்ந்தோரைப் பரிபாடல் காட்டுகிறது. காமவேள் விழாவைக் கலித்தொகை பேசுகிறது. ஆயினும், விழாவின் உட்பொருள் வண்ணத்தில் இல்லை. அதற்கு முன் எரியும் தீயிலேயே உள்ளது. வடநாட்டிற் பிரகலாதனை எரிக்க வந்த ஹோலிகை எரிந்த கதையை அத்தீக்குக் காரணமாகக் கூறுவர். தமிழ் மக்களோ அதனைக் காமதகனமாகக் கண்டனர்.

கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்த வெள்ளவத்தை அன்பர்களுக்கு அக்கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கதையை நமது மலையகத் தோட்டங்களில் மக்கள் ஆண்டுதோறும் ஆடிக் காட்டுவதை அவர்களுள் எத்தனை பேர் கண்டிருப்பர்? மாசித் திங்களிற் கம்பம் ஊன்றி, விரதம் பூண்டு, தப்பு முழங்க, இரதியும் மன்மதனும் இலயத்துக்கு வீதிதோறும் ஆடி வருவர். வீரபத்திரனும் எமனும் தோன்றுவர். நிறைமதி இரவிற் காமன் எரிவான், இரதி புலம்புவாள், பின்னர் அவன் உயிர்ப்பிக்கப்படுவான். கோப்பித் தோட்டக் காலத்திற் கடல்கடந்து வந்த தொழிலாளர் தம் நெஞ்சிற் சுமந்து வந்த பெருஞ்செல்வம் இக்காமன் கூத்து.

தமிழ்நாட்டிற் காமன் பண்டிகையின்போது இலாவணி பாடுவோர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவர். காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. இது பொழுதுபோக்கு வாதமன்று. மனித வாழ்வின் தலையாய வினாவே அதில் அடங்கியுள்ளது. ஆசையை அழித்தல் வேண்டுமா, அன்றி அதனோடு வாழ்தல் வேண்டுமா?

புராணம் தரும் விடை நுட்பமானது. காமனின் கணை தோற்றது. ஆயினும் திருமணம் நின்றுவிடவில்லை. கணையால் ஆகாததை உமையின் தவம் ஆக்கிற்று. அத்திருமணத்தையே பங்குனி உத்தரத்திற் கொண்டாடுகிறோம். எரிந்தது காமனின் உடல். உருவற்ற அனங்கனாக அவன் வாழ்கிறான். அதாவது, தன்னலமாகிய உடல் வெந்தபின் ஆசை அன்பாகின்றது. காமதேவனைத் தொழுது கண்ணனை வேண்டிய ஆண்டாளின் நாச்சியார் திருமொழியும் இவ்வுண்மைக்குச் சான்றன்றோ?

ஆகவே, தீயின்றித் தூவும் வண்ணம் நீரிற் கழுவினாற் போய்விடும். தன்முனைப்பை எரித்தவர்க்கே அடுத்தவர் முகத்தில் வண்ணம் பூசும் உரிமை உண்டு. அவ்வண்ணத்தின் கீழ் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற வேற்றுமை மறைதல் வேண்டும்.

இந்த அளவுகோலை முதலில் நம்மீதே வைப்போம். கொழும்பின் கடைகளிலும் இல்லங்களிலும் உழைக்கும் மலையக மக்களின் கலையைப் ‘பாமரர் ஆட்டம்’ என ஒதுக்கிவிட்டுக் காமதகனத்துக்குப் பொருள் கூறுதல் நகைப்புக்குரியது. ஆசிரியப் பெருமக்கள் தம் பள்ளித் தமிழ் மன்றங்களுக்குக் காமன் கூத்துக் கலைஞர்களை ஆசான்களாக அழைத்தல் வேண்டும். மாணவர் அவர்தம் பாடல்களைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் நம் மன்றங்களில் வாதிடட்டும். எரிய வேண்டியது நம்முள் இருக்கும் ஏற்றத்தாழ்வு எண்ணமே.