பிரண்டா: ஓர் ஆற்றங்கரை நகரும் அங்கு வாழும் தமிழரும்

மத்திய யூலண்டில் உள்ள பிரண்டா என்னும் சிறு நகரின் பெயர், டென்மார்க்கில் மட்டுமன்றி ஐரோப்பாவின் பிற நாடுகளில் வாழும் தமிழ் மக்களுக்கும் பழக்கமானது. அங்குள்ள ஸ்ரீ அபிராமி அம்மன் ஆலயத்தின் கோடைக்காலத் திருவிழாவுக்குப் பல நாடுகளிலிருந்தும் அடியார்கள் வருகின்றனர். வந்தவர்கள் அம்மனைத் தரிசித்து, உறவினரைக் கண்டு, அன்றோ மறுநாளோ திரும்பிவிடுகின்றனர். ஊரைப் பற்றி அவர்கள் எதுவும் அறியாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் அந்நகரிலும் அதன் அயலூர்களிலும் 30 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் நிலைமை வேறல்ல. காவிரி எங்கே பிறக்கிறது, மகாவலி எங்கே கடலில் சேர்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், தம் ஊரையொட்டி ஓடும் ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

அந்த ஆற்றின் பெயர் ஸ்கியேர்ன். டேனிஷ் மொழியில் ஆற்றைக் குறிக்க ஒரே ஓர் எழுத்துப் போதும். அது ஏறத்தாழ 'ஓ' என ஒலிக்கும். டென்மார்க்கின் ஆறுகளுள் மிகுதியான நீரைக் கடலுக்குக் கொண்டுசெல்வது ஸ்கியேர்ன் ஆறே. பிரண்டாவுக்குத் தென்கிழக்கே தின்னெட் கிராட் என்ற சிறு காட்டில் அது ஊற்றெடுக்கிறது. அதே காட்டில், சில நூறு மீற்றர் தொலைவில், நாட்டின் மிக நீளமான ஆறான கூடனோவும் பிறக்கிறது. ஒன்று வடகிழக்கே ரண்டர்ஸ் நோக்கிப் போகிறது. மற்றையது பிரண்டாவைக் கடந்து மேற்கே ரிங்கேபிங் கடனீரேரியில் கலக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆறு என்பது பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் படித்த பொருள்தான். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கியாறு ஒன்றே. அதுவும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றிப்போவது. கிணற்றையும் குளத்தையும் நம்பி வாழ்ந்த மக்கள், ஆண்டு முழுவதும் வற்றாத ஆறு ஒன்றின் கரையில் குடியமர்த்தப்பட்டனர். குளிரும் இருளும் புதிய மொழியும் அழுத்திய அக்காலத்தில் ஆற்றைக் கவனிக்க எவருக்கு நேரம் இருந்தது? முதல் தலைமுறையைக் குறைகூற முடியாது. ஆயினும் அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

பிரண்டாவின் வரலாறு அரசர்களின் வரலாறு அன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அப்பகுதி பெரும்பாலும் மணலும் புதரும் மண்டிய தரிசு நிலம். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னர், 1759 முதல், யூலண்டின் இத்தகைய நிலங்களைப் பண்படுத்தவென டேனிஷ் மன்னர் ஜேர்மானியக் குடியேற்றவாசிகளை அழைத்துவந்தார். அவர்கள் உருளைக்கிழங்குச் செய்கையைக் கொண்டுவந்தமையால் 'உருளைக்கிழங்கு ஜேர்மானியர்' என்றே அழைக்கப்பட்டனர். யூலண்டின் தரிசு நிலத்துக்கு வெளியிலிருந்து மக்கள் வந்து சேர்ந்தது தமிழரோடு தொடங்கிய கதையல்ல. 1864இல் நடந்த போரில் டென்மார்க் தன் தென்பகுதி மாநிலங்களைப் பிரஷ்யாவிடமும் ஒஸ்திரியாவிடமும் இழந்தது. வெளியே இழந்ததை உள்ளே பெறவேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னர் நாடெங்கும் வேரூன்றியது. 1866இல் என்றிக்கோ தல்காஸ் முதலானோர் தரிசு நில மேம்பாட்டுக் கழகத்தை நிறுவினர். மரங்கள் நடப்பட்டன, மண் உழப்பட்டது, தரிசு வயலாயிற்று. பின்னர் தொடருந்துப் பாதைகள் வந்து சந்தித்தபோது பிரண்டா ஒரு சந்திநகராக வளர்ந்தது. தொடருந்து இயந்திரங்கள் நிறுத்தப்பட்டிருந்த பழைய கொட்டகை இப்போது நகரின் கலை நிகழ்வு மண்டபமாக விளங்குகிறது. 1968இல் ஓவியர்கள் வந்து நகரின் வீட்டுச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டினர். அதனாலும் பிரண்டா பெயர் பெற்றது.

இன்று ஏறத்தாழ 7,000 பேர் வாழும் இந்நகரில் உலகறிந்த இரு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, 1975இல் தொடங்கப்பட்ட பெஸ்ட்செல்லர் ஆடை நிறுவனம். (320 மீற்றர் உயரத்தில் கோபுரம் ஒன்றை இங்கு எழுப்ப அந்நிறுவனம் திட்டமிட்டு 2019இல் நகரசபையின் அனுமதியையும் பெற்றது. கோபுரம் எழவில்லை, ஊர் தன் அளவிலேயே இருக்கிறது.) மற்றையதன் கதை தமிழ்ப் பிள்ளைகள் அவசியம் அறியவேண்டியது. யூலண்டின் மணல் மண் மழைநீரைத் தேக்கி வைப்பதில்லை. எனவே பயிருக்கு நீர் இறைக்க வேண்டும். அதற்கான கருவிகளைச் செய்த பிரண்டா நிறுவனம் ஒன்றின் பெயர் தான்ரைன். எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின்னர், 1980ஆம் ஆண்டளவில், அது காற்றாலைகளைச் செய்யத் தொடங்கியது. போனஸ் என்ற பெயரில் வளர்ந்த அந்தக் காற்றாலை நிறுவனமே 1991இல் விண்டபி என்னுமிடத்தில் அமைந்த உலகின் முதல் கடற் காற்றாலைப் பண்ணைக்கு 11 காற்றாலைகளை வழங்கியது. 2004இல் அதைச் சீமென்ஸ் வாங்கியது. நீர் இறைத்துத் தோட்டம் செய்த குடாநாட்டு மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, நீர் இறைக்கும் கருவியிலிருந்து ஓர் ஊர் எங்கு சென்று சேர்ந்தது என்பதைத் தமிழில் சொல்லிக்கொடுக்க வேறு என்ன காரணம் வேண்டும்?

1983ஆம் ஆண்டு யூலைப் படுகொலைகளுக்குப் பின்னர் டென்மார்க்கை வந்தடைந்த தமிழரை, டேனிஷ் அகதிகள் சபை பெருநகரங்களில் குவியவிடாமல் யூலண்டின் சிறு நகரங்களில் பரவலாகக் குடியமர்த்தியது. ஹேர்னிங், ஹொல்ஸ்டப்ரோ, ஸ்துருவர், கிறின்ஸ்டட், பிரண்டா ஆகிய பெயர்கள் அவ்வாறே தமிழர் நாவில் ஏறின. பின்னால் வரவேண்டிய மனைவியரும் பிள்ளைகளும் ஆண்டுக்கணக்கில் காக்க வைக்கப்பட்டனர். 1987 - 88இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு முரணாக நிறுத்திவைத்தார். அந்த உண்மை வெளிவந்தபோது 1993 ஜனவரியில் பவுல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல், அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் முன்னாள் நீதியமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டேனிஷ் பாடசாலைகளில் 'தமிழர் வழக்கு' என்று படிப்பிக்கப்படும் இந்நிகழ்வை, அந்த வழக்கின் காரணமாகவே தந்தையைப் பிரிந்திருந்தவர்களின் பிள்ளைகள் வீட்டில் கேட்டு அறியாமல், பாடப்புத்தகத்தில் முதன்முதலாகப் படிப்பது வருந்தத்தக்கது.

அபிராமி பிரண்டாவுக்கு வந்ததிலும் ஒரு வரலாற்றுப் பொருத்தம் உண்டு. அபிராமியின் மூலத்தலமான திருக்கடையூர், காவிரி கடலோடு கலக்கும் நிலப்பகுதியில், தரங்கம்பாடிக்குச் சில கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அந்தத் தரங்கம்பாடியில்தான் 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனியர் கோட்டை கட்டினர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அது டேனிஷ் கொடியின் கீழ் இருந்தது. டேனியர் காவிரிக் கரைக்குப் போன கதைக்கு டென்மார்க்கில் அருங்காட்சியகங்களும் நூல்களும் உள்ளன. காவிரிக் கரையின் அம்மன் ஸ்கியேர்ன் கரைக்கு வந்த கதையைத் தமிழரே எழுதாவிட்டால் வேறு எவரும் அவர்கள் சார்பில் எழுதப் போவதில்லை.

ஆற்றுக்கே மீண்டும் வரவேண்டும். ஏனெனில் அதற்கு நேர்ந்தது பெற்றோரும் இளையோரும் ஒன்றாக அமர்ந்து பேசத் தக்கது. பிரண்டாவுக்கு மேற்கே, கடலை அண்டிய தாழ்நிலத்தில், ஸ்கியேர்ன் ஆறு வளைந்து நெளிந்து சதுப்பு நிலங்களின் ஊடே ஓடிற்று. 1962 முதல் 1968 வரை அது நேராக்கப்பட்டது. கரைகள் உயர்த்தப்பட்டு, ஏறத்தாழ 4,000 ஹெக்ரேயர் சதுப்பு நிலம் வடிக்கப்பட்டு வயலாக்கப்பட்டது. அன்றைய நோக்கில் அது பெரும் சாதனை. தரிசை வயலாக்கிப் பழகிய நாடு சதுப்பையும் வயலாக்கியது, அவ்வளவே. ஆனால் வடிந்த மண் ஆண்டுதோறும் கீழிறங்கியது. இரும்புச் சத்து கசிந்து நீரைச் செந்நிறமாக்கியது. வளைவுகளில் படிந்து வடிகட்டப்பட்டுவந்த உரக்கழிவுகள் நேரே கடனீரேரியில் சென்று சேர்ந்தன. ஆற்றுக்கே உரிய சால்மன் மீன் இனம் அழிந்துவிட்டது என்றே பலர் நம்பினர்.

1987இல் டேனிஷ் நாடாளுமன்றம் ஆற்றை மீட்கத் தீர்மானித்தது. நிலத்தை உழுதுவந்த விவசாயிகள் பலர் எதிர்த்தனர். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது, தந்தையர் உழைத்துப் பெற்ற வயலை எவரும் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார். இறுதியில் அரசு நிலங்களைப் பெற்று 1999இல் பணியைத் தொடங்கி 2002இல் முடித்தது. 19 கிலோமீற்றர் நேர்க்கால்வாய் 26 கிலோமீற்றர் வளைந்த ஆறாயிற்று. செலவு 25 கோடிக் குரோணர்களுக்கு மேல். சால்மன் இனமும் அழிந்திருக்கவில்லை; எஞ்சியிருந்த சில மீன்கள் கண்டறியப்பட்டு, இன்று ஆயிரக்கணக்கில் பெருகியுள்ளன.

அதே 2002ஆம் ஆண்டில் டேனிஷ் அரசு வேறொன்றையும் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்க வேண்டும் என்று நகரசபைகளுக்கு இருந்த கடப்பாட்டை நீக்கியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புத் தொடர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இல்லாமற் போயிற்று. ஆற்றின் வளைவுகளை மீட்கப் பெரும் பொருள் செலவிட்ட அரசு, பிள்ளைகளின் நாவை நேராக்கினால் நன்மை விளையும் என நம்பியது முரணன்றி வேறென்ன? வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் பெற்றோரினதும் ஆசிரியரினதும் ஊதியமற்ற உழைப்பால் நின்றன. அந்த உழைப்பைப் பாராட்டும் வேளையில் ஒன்றையும் கேட்க வேண்டும். அப்பாடசாலைகளில் பிள்ளைகள் படிக்கும் தமிழில் பிரண்டாவுக்கு இடம் உண்டா? தாயகத்தின் பனையும் கடலும் மட்டுமே தமிழில் பேசத் தக்கவை, காற்றாலையும் சால்மனும் ஆறும் டேனிஷ் மொழிக்கு உரியவை என்று பிள்ளை உணர்ந்துவிட்டால், நாளாந்த வாழ்விலிருந்து தமிழை விலக்கியது எந்த அமைச்சும் அல்ல.

சால்மன் மீன் கடலில் எத்தனை ஆண்டு அலைந்தாலும் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் என்பதை மேடைகளில் உவமையாகக் கூறுவோர் உண்டு. தாயகத்தை நினைத்து அவர்கள் அவ்வாறு கூறுகின்றனர். பெற்றோருக்கு அந்த உவமை பொருந்தும். ஆனால் ஹேர்னிங் மருத்துவமனையில் பிறந்து பிரண்டாவில் மிதிவண்டி ஓட்டி வளர்ந்த பிள்ளைக்குப் பிறந்த ஆறு எது? அப்பிள்ளைகள் உயர்கல்விக்காக ஓகூஸுக்கும் கோபன்ஹேகனுக்கும் போய்விட்டனர். 1990களின் பிற்பகுதியிலும் 2000களிலும் பல குடும்பங்கள் பிரித்தானியாவுக்கே பெயர்ந்தன. அவர்கள் திருவிழாவுக்காகப் பிரண்டாவுக்குத் திரும்பும்போது அது வெறும் ஆலயத்துக்கு வரும் பயணமா, ஊருக்கு வரும் பயணமா என்பது சிறுவயதில் அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

தின்னெட் கிராட் காடு பிரண்டாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயணம். நுழைவுக் கட்டணம் இல்லை. தமிழ்ப் பாடசாலையின் ஒரு சனிக்கிழமை வகுப்பை அங்கு நடத்தலாம். இரு ஊற்றுகளையும் பிள்ளைகள் நடந்து சென்று பார்க்கலாம். பார்த்ததைத் திரும்பி வந்து தமிழில் ஒரு பக்கம் எழுதலாம். 'ஊற்று', 'சதுப்பு', 'வளைவு', 'கடனீரேரி' ஆகிய நான்கு சொற்களையும் அன்று கரும்பலகை இல்லாமலே கற்றுக்கொள்வார்கள். உடன் செல்லும் பெற்றோரிலும் சிலருக்கு அது முதற் பயணமாக இருக்கக்கூடும்.