சுரண்டும் முன் ஒரு நிமிஷம்... பழைய டிரெஸ்ஸிங் டேபிள் பெயின்ட்டுக்குள் என்ன இருக்கிறது?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் பழைய மர மேஜையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். முப்பது விநாடி வீடியோதான். முதலில் அழுக்குப் பச்சை, நடுவில் கொஞ்சம் சர்சர் சத்தம், கடைசியில் தேன் நிறத்தில் தேக்கு. பார்த்த கையோடு, பரண் மேல் கிடப்பதை நாமும் இறக்கிவிடலாமா என்று பரபரக்கும்.

தாராளமாக இறக்குங்கள். ஆனால், அந்த வீடியோக்களில் வராத ஒரு விஷயத்தை முதலில் பேசிவிடுவோம்.

நம் வீடுகளில் மர சாமான்களுக்கு பெயின்ட் ஏறிய கதை பெரும்பாலும் ஒன்றுதான். பொங்கலுக்கு ஜன்னலுக்கும் கேட்டுக்கும் எனாமல் அடிப்பார்கள். டப்பாவில் கால்வாசி மிஞ்சும். வீணாக்குவானேன் என்று அது பாட்டியின் கண்ணாடி மேஜை மேல் ஏறிவிடும். சில வருடம் கழித்து ஜன்னலுக்கு வேறு நிறம், மேஜைக்கும் வேறு நிறம். இன்றைக்குச் சுரண்டினால் பச்சைக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே மஞ்சள் என்று நாலைந்து பொங்கலைத் தாண்டித்தான் மரத்துக்கு வர முடியும்.

பிரச்னை அந்த நாலைந்து பொங்கலில்தான் இருக்கிறது. பழைய எனாமல் பெயின்ட்டுகளில் ஈயம் கலப்பது சாதாரணமாக இருந்தது. நிறம் பளிச்சென்று நிற்கவும், சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்கள் உதவின. குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில் அதிகம். வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் சட்டப்படி விதி வந்ததே 2016-ல்தான். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ம் தேதி. ஆகவே, அதற்கு முன்பு அடித்த எனாமல் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலையில் இறங்குவது நல்லது.

சுவரிலோ மேஜையிலோ ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும் வரை அந்த பெயின்ட் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அது மாவு மாதிரி பொடியாகி, தரை, துணி, கை, சாப்பாட்டுத் தட்டு என எல்லா இடத்துக்கும் போகும். உடம்புக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக உள்வாங்கிக்கொள்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிப்பது மூளை வளர்ச்சியை. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும்.

இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அக்கா. ஏழாவது மாதம், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். பெரியம்மா வீட்டு டிரெஸ்ஸிங் டேபிள் மீது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். மூன்று இழுப்பறை, நடுவில் நீள்வட்டக் கண்ணாடி, முழுக்கப் பச்சை எனாமல். பெரியம்மாவும், “எடுத்துக்கோடி, குழந்தை துணி வைக்க ஆகும்” என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டுத் திண்ணையில் போட்டுச் சுரண்டி பாலிஷ் போடுவதாகத் திட்டம். ஆசாரியையும் கூப்பிட்டாகிவிட்டது.

ஈயத்தைப் பற்றி நான் ஆரம்பித்ததும், “நான் என்னடா சின்னக் குழந்தையா, பெயின்ட்டை நக்க?” என்றாள் அக்கா. ஆசாரி சிரித்துக்கொண்டே, “தம்பி, முப்பது வருஷமா இதைத்தான் சுரண்டுறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?” என்றார்.

அவரிடம் என்ன பதில் சொல்வது? ஈயம் காய்ச்சல் மாதிரி வந்து கதவைத் தட்டாது. எலும்பில் போய் வருடக்கணக்கில் தங்கும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று வேறு பெயரில் வெளியே வரும். தினமும் இந்த வேலை செய்பவர் அவர்தான். அவருக்குத்தான் முதலில் நல்ல மாஸ்க் வாங்கித் தர வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. வாங்கியும் கொடுத்தேன். போட்டுக்கொண்டார், வெற்றிலை போடும் நேரம் தவிர.

முடிவில், வேலை மூன்று தெரு தள்ளி பெரியம்மா வீட்டு மொட்டை மாடிக்கு மாறியது. அக்கா அந்தப் பக்கமே வருவதில்லை என்று ஏற்பாடு. முழுசாகச் சுரண்டவும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பெயின்ட் உரியாமல், வெடிக்காமல் கெட்டியாக இருந்தால் அதை அப்படியே உள்ளே வைத்து மூடிவிடுவதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி. தண்ணீர் தொட்ட வாட்டர் பேப்பரால் லேசாக ஒரு தேய்ப்பு, ஈரத்துணியால் துடைப்பு, பிரைமர், அதன் மேல் ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் அச்சிட்ட புது பெயின்ட். அவ்வளவுதான். தேக்கு தெரியாது, உண்மைதான். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தேக்கு கொஞ்ச வருடம் காத்திருக்கட்டும் என்பது என் கட்சி.

ஆனால், மூடி வைப்பது எல்லா இடத்திலும் நிற்காது. இழுப்பறையைத் திறந்து மூடும்போது மரமும் மரமும் உரசுகிற பக்கங்களில் எத்தனை கோட் அடித்தாலும் பொடி உதிரும். குழந்தை பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும்போது பல்லால் கடிக்கிற விளிம்பும் அப்படித்தான். இந்த இடங்களில் மட்டும் மரம் தெரிய எடுத்துவிட வேண்டும். எங்கள் மேஜையில் மூன்று இழுப்பறைகளும், மேல் பலகையின் ஓரமும் அப்படி எடுத்தவை. பச்சை மேஜைக்குத் தேக்கு நிற இழுப்பறை. பார்க்க நன்றாகவே இருக்கிறது.

எடுக்கிற இடத்தை எப்படி எடுப்பது? இழுப்பறைகளை உருவும் முன்பு பின்பக்கம் சாக்பீஸால் 1, 2, 3 என்று எழுதுங்கள். பழைய மேஜைகளில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. கைப்பிடி, கீல், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி, கழற்றும் முன்பு போனில் ஒரு படம். கண்ணாடியின் முதுகில் இருக்கும் ரசப்பூச்சில் பெயின்ட் ரிமூவர் பட்டால் போச்சு. அதைத் தனியே பேப்பரில் சுற்றி வையுங்கள்.

அடுத்து, பெயின்ட் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். அது முழு மரமா, பிளைவுட் மேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தோலா என்று பலகையின் விளிம்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுக்கு அடுக்காக இருந்தால் பிளைவுட். அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இயந்திரம் வைத்துத் தேய்த்தால் ஓட்டைதான். நுண்ணிய துளைகளும் பக்கத்தில் மாவுப் பொடியும் இருந்தால் மரம் உளுக்கிறது என்று அர்த்தம். பூச்சிமருந்து வேலையை முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சூடு காட்டி உரிப்பது வேண்டவே வேண்டாம். தீச்சுவாலையில் ஈயம் புகையாகவே மாறும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். அது கையையும் எரிக்கும், தேக்கையும் கறுக்க வைக்கும். மிச்சம் இருப்பது கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவர். அதை வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மெத்திலீன் குளோரைடு அல்லது டைக்ளோரோமீத்தேன் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் கீழே தேங்கும். உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்ஸைடாகவும் மாறும். உயிர்கள் போன பிறகு, வீட்டில் பயன்படுத்த அதை விற்கக் கூடாது என்று அமெரிக்கா 2019-ல் தடை போட்டது. அது இல்லாத ரிமூவர் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். என்-95 மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது. அதனால் எந்த ரிமூவராக இருந்தாலும் திறந்தவெளிதான். வெயில் நேராகப் படாத நிழலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஊறும் முன்பே காய்ந்துவிடும்.

கையுறை போட்டு, கெட்டியாகப் பூசி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, டப்பாவில் சொன்ன நேரம் விடுங்கள். பெயின்ட் அப்பளம் மாதிரி கொப்பளித்து எழும்பும். முனை மழுங்கிய பட்டித் தகட்டால் மெல்ல வழித்தெடுக்கலாம். வேலைப்பாட்டின் இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். நாலைந்து கோட் இருந்தால் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரும். அவசரப்பட்டு அழுத்தினால் மரத்தில் கோடு விழும், பாலிஷ் போட்டதும் அந்தக் கோடுதான் முதலில் தெரியும்.

வழித்தது எல்லாம் ஈரமாகவே பேப்பரில் மடித்து, இரண்டு கவருக்குள். துளசி மாடத்துப் பக்கமோ, தோட்டத்திலோ கொட்டக் கூடாது, எரிக்கவும் கூடாது. தூய்மைப் பணியாளரிடம் இன்னது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலைக்குப் போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன்பு குளியல் கட்டாயம். ஏற்கெனவே வீட்டுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டீர்கள், சின்னக் குழந்தை இருக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கப் பரிசோதனை உண்டு.

மரம் நன்றாகக் காய்ந்த பிறகு 120, 180, 220 என்று வரிசையாக உப்புத்தாள், மரத்தின் வரி ஓடுகிற திசையிலேயே. பெயின்ட் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்ட வாட்டர் பேப்பர். இனி பூச்சு. பிரெஞ்ச் பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. மெல்லிய துணிக்குள் பஞ்சு வைத்து, நனைத்து, பத்துப் பன்னிரண்டு தடவை தேய்த்தால் வரும் மினுமினுப்புக்கு ஈடே இல்லை. ஆனால், சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போட்டால் ஈரக்காற்றிலேயே வெளுத்துப்போகும். பவுடரும் எண்ணெய்ப் பாட்டிலும் புழங்கும் மேல் பலகைக்கு பி.யூ. பூச்சுதான் தாங்கும். ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பவர்கள் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊற வையுங்கள்.

பூச்சு காய்ந்தாலும் வாசனை போகும் வரை சில வாரங்கள் இழுப்பறைகளைத் திறந்தே வையுங்கள். குழந்தைத் துணியை அதற்குப் பிறகு அடுக்கலாம். மழைக்காலத்தில் மரம் ஊதி, இழுப்பறை சிக்கினால் உடனே இழைப்புளியைத் தேட வேண்டாம். ஓடுகிற பக்கத்தில் மெழுகுவத்தியை நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.