மூச்சடக்கியவன் யார்? முத்துக்கு உரியவன் யார்?

வாழ்வில் ஒருவன் உயர்வதும் தாழ்வதும் எதனால்? பிறவியில் வந்த குணத்தாலா, வளர்த்த விதத்தாலா? இது படித்தவர்கள் பொழுதுபோக்காகப் பேசும் விஷயம் என்று உழைப்பாளி மக்கள் ஒதுக்கிவிடக் கூடாது. கூலி உயர்வு கேட்டாலும் சரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டாலும் சரி, நமக்குக் கிடைக்கும் பதில் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. "திறமை உள்ளவன் மேலே வருகிறான், உங்களுக்கு அது இல்லை" என்கிறார்கள் மேலே இருப்பவர்கள். "எல்லாம் தலையெழுத்து" என்று நம் வீட்டுத் திண்ணையிலேயே அதற்கு ஒத்து ஊதுகிறோம்.

இது உண்மையா? தூத்துக்குடிக் கடற்கரையின் கதை இதற்குப் பதில் சொல்லும்.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் மூழ்கியவர்களைவிடத் திறமைசாலிகள் யார்? கல்லில் காலை ஊன்றி, கயிற்றைப் பற்றி, பல பாக ஆழம் இறங்குவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான் மூச்சு நிற்கும். அதற்குள் கடல் தரையைத் துழாவிச் சிப்பிகளைப் பையில் நிரப்ப வேண்டும். மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் கவனம் தவறினால் உயிர் போகும். சுறா பயம் வேறு. இப்படி ஒரு நாளில் ஒரு முறையல்ல, பல முறை!

"அது அவர்களுக்குப் பிறவியிலேயே வந்தது" என்பார்கள். ஆனால் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கடலுக்கு வணிகம் செய்ய வந்த கிரேக்கர்களின் குறிப்பேடான பெரிப்ளூஸ் வேறு செய்தி சொல்கிறது. கொற்கைப் பகுதியில் முத்துக் குளிக்கத் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்கிறது அது. மூழ்க வைத்தது பிறவியல்ல, அரசனின் தண்டனை!

உடம்பில் பிறவி வேற்றுமையே கிடையாது என்று நாம் வாதாடவில்லை. இந்தோனேசியக் கடலில் மூழ்கிப் பிழைக்கும் பஜாவ் மக்களுக்கு மண்ணீரல் பெரிதாக இருக்கிறது என்றும், அது பரம்பரையாக வருகிறது என்றும் 2018ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டார்கள். அதேபோல், அந்தமான் கடலில் வாழும் மோக்கன் மக்களின் குழந்தைகளுக்கு நீருக்கடியில் பார்வை வெகு தெளிவு என்றும் கண்டார்கள். இதுவும் பிறவிதானோ என்று சுவீடன் நாட்டுச் சிறுவர் சிலருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே பார்வை கைவந்தது! ஆகவே பிறவியும் உண்டு, பழக்கமும் உண்டு. இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. பிறவியும் பழக்கமும் சேர்ந்து அமைந்த முத்துக்குளிப்பவன் பணக்காரன் ஆனானா? வெள்ளையர் ஆட்சியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மீதி ஒரு பங்கிலிருந்துதான் மூழ்கியவனும் அவனுக்குத் துணை நின்றவனும் பிழைக்க வேண்டும். மூச்சை அடக்கியவன் குடிசைக்குத் திரும்பினான். கரையில் நின்று ஏலம் எடுத்தவன் மாளிகை கட்டினான். எவனுடைய நுரையீரல் பெரிது? 1961ம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பும் நின்றது. மூழ்கத் தெரிந்தவர்கள் சங்கு குளிக்கப் போனார்கள். திறமை குறையவில்லை; பிழைப்புதான் போயிற்று.

பஞ்சாலைத் தொழிலாளியின் கதையும் இதுதான். 1908ம் ஆண்டு பிப்ரவரி 27ந் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சிதம்பரமும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே நிர்வாகம் கூலியை உயர்த்தவும், ஞாயிறு விடுமுறை தரவும் இணங்கியது. அந்தச் சில நாட்களில் அவர்களுடைய பிறவிக் குணம் மாறிவிட்டதா? தலையெழுத்தை யாராவது அழித்து எழுதினார்களா? அதே மனிதர்கள், அதே கைகள். ஒன்றுபட்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

பிறவி வாதம் சட்டமாக வந்தால் என்ன ஆகும் என்பதையும் தமிழகம் பார்த்திருக்கிறது. 1953ம் ஆண்டில் ராஜாஜி மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு வேளை படிப்பு, மறுவேளை குடும்பத் தொழில் என்றது. கலப்பை பிடித்தவன் மகனுக்குக் கலப்பை, துடுப்புப் பிடித்தவன் மகனுக்குத் துடுப்பு! குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1954ல் அது கைவிடப்பட்டது. அதே பத்தாண்டில், இதே கரிசல் சீமையின் எட்டயபுரத்தில் காமராஜர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் துவக்கி வைத்தார். பசித்த பிள்ளையை மந்தப் பிள்ளை என்று சொல்லி வந்தவர்களுக்கு ஒரு கவளம் சோறு பதில் சொன்னது.

"கூலிக்காரன் மகன் கலெக்டர் ஆகவில்லையா? உன் மகன் ஏன் ஆகவில்லை?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கும் முத்துச் சிப்பியே பதில். பழைய நாளில் ஆயிரக்கணக்கான சிப்பிகளைக் கரையில் அழுகவிட்டு, அதில் தற்செயலாகக் கிடைத்த சில முத்துக்களைப் பொறுக்கினார்கள். 1973ம் ஆண்டில் இதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் சிறு மணியைப் பதித்து, பராமரித்து, உருண்டையான முத்தை விளைவித்துக் காட்டினார்கள். எல்லாச் சிப்பியும் முத்துத் தந்துவிடாது. ஆனால் தற்செயலை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை என்பது நிரூபணமாயிற்று. ஆயிரம் பிள்ளைகள் அழுகக் கிடக்க, தப்பி வந்த ஒருவனைக் காட்டிப் பெருமை பேசுவது பழைய முறை. அது நமக்கு வேண்டாம்.

உப்பளத்திலும் வயலிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைப்பவர்களின் பிள்ளைகளுக்கு வயிறாரச் சோறு வேண்டும். முழுநேரப் படிப்பு வேண்டும். குடியிருப்புக்கு அருகே நல்ல பள்ளியும், மேற்படிப்புக்கு விடுதியும் வேண்டும். பெற்றோர் கடனுக்கு அஞ்சிப் பிள்ளையை வேலைக்கு அனுப்பாதபடி கட்டுப்படியாகும் கூலி வேண்டும். உழைத்தவனுக்கு உழைப்பின் பங்கு வேண்டும். இவற்றையெல்லாம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு யார் பிறவியில் கெட்டிக்காரன் என்று அளந்து பார்க்கட்டும்.

நம் பிள்ளைகளிடம் தலையெழுத்து என்ற சொல்லை இனிச் சொல்லாதிருப்போம். மூழ்கியவன் கைக்கு முத்து வரும் வரை சேர்ந்து நிற்போம்!