‘விடாதே’ என்பது ஊக்கமன்று

நெடுந்தொலைவுக் குதிரைச் சவாரியைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே சித்திரத்தையே வரைகிறார்கள்: களைத்த வீரன், களைத்த குதிரை, பாதையோரம் நின்று ‘விடாதே, இன்னும் கொஞ்சம்தான்’ என்று குரல்கொடுக்கும் மூத்தவர். நெகிழவைக்கும் சித்திரம்தான். ஆனால் பொய்யானது, பொய் என்பதோடு ஆபத்தானதும்கூட என்றே நாம் கருதுகிறோம்.

1955இல் வெண்டல் ரோபியும் தோழர்கள் நால்வரும் டாஹோ ஏரிப் பகுதியிலிருந்து சியர்ரா நெவாடா மலைகளைக் கடந்து கலிஃபோர்னியாவின் ஆபர்ன் நகர்வரை 100 மைல் சென்றதிலிருந்து பிறந்தது டெவிஸ் கோப்பைச் சவாரி. கெடு 24 மணி நேரம். வழிநெடுகக் கால்நடை மருத்துவர்களின் சோதனை நிலையங்கள். நாடித்துடிப்பு இறங்குகிறதா, உடலில் நீர் வற்றியிருக்கிறதா, குடலோசை கேட்கிறதா, நடையில் நொண்டல் உண்டா என்று பார்த்த பிறகே மேலே செல்ல அனுமதி. புறப்படுபவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரே முடிக்கிறார்கள். முடித்தல் என்றால் எல்லைக்கோட்டைத் தொடுவது மட்டுமன்று. தொட்ட பின்னும் குதிரை மேலே செல்லத் தகுதியோடு நிற்கவேண்டும்.

இத்தகைய கலையில் ஆசான் கற்பிப்பது எதை? எப்போது இறங்கி நடப்பது, எங்கே நீர் காட்டுவது, முந்திச் செல்லும் கூட்டத்தைக் கண்டு பதறும் குதிரையை எப்படி அடக்குவது, எந்த இடத்தில் சவாரியையே கைவிடுவது என்பவற்றைத்தான். இளம் வயதினர் ஒரு பெரியவரின் துணையோடே முழுத் தூரமும் செல்லவேண்டும் என்ற விதியை எண்ணிப் பாருங்கள். துணைவரும் பெரியவர் தன் வேகத்தையும் தனக்குரிய இடத்தையும் இழக்கச் சம்மதித்தே புறப்படுகிறார். கரகோஷத்துக்குச் செலவில்லை, இதற்குச் செலவுண்டு.

‘அப்படியானால் டிருசில்லா பார்னர்?’ என்று நம்மை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 1961இல் டெவிஸ் கோப்பையை வென்ற முதல் பெண் அவர். 1973இல் குதிரை நொண்டியதால் விலக நேர்ந்த கோர்டி ஐன்ஸ்லியை, அடுத்த ஆண்டு அதே பாதையில் கால்நடையாக ஓடும்படி ஊக்கினார். 1974இல் ஐன்ஸ்லி 24 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். நூறு மைல் ஓட்டம் என்னும் விளையாட்டுக்கே அது வித்தாயிற்று. உண்மைதான். ஆனால் இந்த உதாரணம் நம் பக்கமே நிற்கிறது. அங்கே பணயம் வைக்கப்பட்டது ஓடியவரின் சொந்த உடல். வலித்தால் நிற்க அவருக்குக் கால் இருந்தது, சொல்ல வாய் இருந்தது. குதிரைக்கு அந்த வாய் இல்லை. ஒருவனைப் பார்த்து ‘விடாதே’ என்று சொல்லி, அதன் விலையை இன்னோர் உயிரிடம் வசூலிப்பது எந்த ஊர் அறம்?

வேகமே குறியானால் என்னவாகும் என்பதற்கும் சான்றுண்டு. 2015இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, குதிரைகளின் நலனும் விதிகளும் மீறப்பட்டதைக் காரணம் காட்டி, ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியக் கூட்டமைப்பைச் சில மாதங்கள் இடைநீக்கம் செய்தது. அங்கே பணத்துக்கோ பயிற்சியாளர்களுக்கோ பஞ்சமில்லை.

ஆகவே, ஆசானை அளக்க நாம் கேட்கவேண்டிய கேள்வி, அவர் எத்தனை பேரை எல்லைக்கோடுவரை தள்ளினார் என்பதன்று. தொண்ணூறாவது மைலில், கண்ணீரோடு நிற்கும் மாணவியிடம் ‘இறங்கு, போதும்’ என்று சொல்லி, அவளோடு தானும் இறங்கி நடக்க அவருக்குத் துணிவிருந்ததா என்பதே.