தின்னக் கொடுப்பதற்கு ஒரு செடி



தோட்டம் என்றவுடன் நம் மனதில் எழுவது சீராக வெட்டிய பசும்புல்லும், ஓட்டை விழாத இலைகளுமே. ஓர் இலையில் புழுவைக் கண்டால் மருந்து தெளிக்க விரைகிறோம். இவ்வாரம் நான் உங்கள் முன் வைக்கும் வேண்டுகோள் இதற்கு நேர்மாறானது. உங்கள் தோட்டத்தில் நல்ல வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத ஓரிடத்தை, புழுக்கள் தின்பதற்கென்றே ஒரு செடிக்குக் கொடுங்கள்.

நாம் குடியிருக்கும் இந்த இல்லினாய் புல்வெளிகளுக்கே உரிய 'பட்டர்ஃபிளை வீட்' என்னும் செடி அது. மில்க்வீட் வகைகளுள் ஒன்று. ஊரில் வேலியோரம் நாம் கண்ட எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். அதன் உறவினமே இங்குள்ள மோனார்க். மோனார்க்கின் புழுக்களுக்கு மில்க்வீட் இலைகளே உணவு. அவை இல்லாத தோட்டம் எத்தனை அழகாயிருந்தாலும் அவற்றிற்குப் பாலைநிலமே.

இலையுதிர்காலத்தில் இங்கிருந்து மெக்சிகோவின் மலைக்காடுகளுக்குப் பறந்து செல்லும் இப்பூச்சிகள், அங்கே மரங்களில் அடையடையாய்த் தொங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவை தங்கிய காட்டுப் பரப்பு 1996-97இல் ஏறத்தாழ 18 ஹெக்டேர்; 2023-24இல் 0.9 ஹெக்டேர் மட்டுமே. மக்காச்சோள, சோயா வயல்களில் களைக்கொல்லியால் மில்க்வீட் அழிந்தது இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு மோனார்க்கை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்க முன்மொழிந்தது.

ஒரு காலத்தில் இம்மாநிலத்தில் 2 கோடி ஏக்கருக்கும் அதிகமாகப் புல்வெளி பரந்திருந்தது. இன்று பழுதுபடாமல் எஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர். எஞ்சியவற்றுள் சில, முதற்குடியேறிகளின் பழைய கல்லறைத் தோட்டங்களில் தப்பின. மரித்தோர் உறங்கும் மண்ணில் ஒருவரும் ஏர் ஓட்டத் துணியவில்லை. ஆகவே அங்கே பழைய புல்லும் பூவும் பிழைத்தன. பெரும் நிலங்கள் தொலைத்ததைச் சிறு துண்டுகள் காத்துவைத்தன என்பதை மறவாதிருங்கள். நம் கொல்லைப்புறமும் ஒரு சிறு துண்டுதானே!

இச்செடியை வளர்க்கக் கடின உழைப்பு வேண்டாம், பொறுமையே வேண்டும். மணலும் சரளையும் கலந்த ஏழை மண் இதற்குப் போதும், உரம் வேண்டாம். ஈரம் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகிவிடும். மேடான இடமே நல்லது. விதை முளைக்கக் குளிர் தேவை. இலையுதிர்காலத்தின் இறுதியில் விதைத்துவிட்டால் பனிக்காலமே அந்த வேலையைச் செய்துவிடும். முதல் ஆண்டில் மட்டும் வறட்சியின்போது தண்ணீர் விடுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், ஒருமுறை ஊன்றியபின் பிடுங்கி இடம் மாற்றாதீர்கள். பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில்தான் ஆரஞ்சு நிறப் பூக்கள் வரும். வசந்தத்தில் மற்றச் செடிகளுக்குப் பிந்தியே தளிர்க்கும் என்பதால், பட்டுப்போனதென்று எண்ணிக் கொத்திவிடாதபடி ஒரு குச்சியை அடையாளமாக நட்டுவையுங்கள்.

"இது களையல்லவா, அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்?" என்று கேட்பீர்கள். முட்டையிட மோனார்க் அதிகம் விரும்புவது சாதாரண மில்க்வீட் செடியை என்பது உண்மை. ஆனால் அது நிலத்தடியில் ஓடிப் பரவும். சிறு தோட்டத்திற்கு அடங்காது. பட்டர்ஃபிளை வீட் இரண்டடி உயரத்தில் ஒரே புதராய் நிற்கும். மோனார்க் இதிலும் முட்டையிடும். தேனீக்களும் தேடி வரும். நாற்று வாங்கும்போது, பூச்சிமருந்து இடப்படாததுதானா என்று கேட்டு வாங்குங்கள். மில்க்வீட் இனத்தில் நச்சுண்டு. சிறுபிள்ளைகள் வாயில் வைக்காதபடி கவனியுங்கள்.

தனக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடியைப் புழு அரித்தபோது யோனா கோபங்கொண்டான். அவன் துக்கம் செடிக்காக அன்று, இழந்த தன் நிழலுக்காகவே. தேவனோ அவன் கண்களை நினிவேயின் ஜனங்கள் மீதும், அங்கிருந்த மிருகஜீவன்கள் மீதும் திருப்பினார். நம்முடைய தோட்டத்தையும் நாம் பெரும்பாலும் நம் நிழலாக மட்டுமே காண்கிறோம்.

ஆலயத்தின் தெற்குச் சுவரோரம், புல் ஆண்டுதோறும் காய்ந்துபோகும் அந்த வெயில் துண்டை நீங்கள் அறிவீர்கள். மறுபடியும் புல் பதித்துத் தண்ணீர்க் குழாய் அமைப்பதைவிட, இந்த இலையுதிர்காலத்தில் நம் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் கையால் அங்கே இவ்விதைகளை விதைப்போம் என்பதே என் கருத்து. இலைகள் தின்னப்பட்டு வெறும் தண்டுகள் நிற்கும் நாளில், அதை அழிவென்று எண்ணாமல் விருந்து நடந்த இடமென்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியைகளை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் போதகர்