டைல்ஸைப் பாக்காதேங்கோ, படிக்கட்டைப் பாருங்கோ

வெள்ளவத்தையில வீடு தேடுற எங்கள் எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான். காலி வீதியில 100, 101 பஸ், கடற்கரையில ரயில் ஸ்டேஷன். நடுவில ஒரு தொடர்மாடி. அந்த வசதிக்காகவே கூடுதல் வாடகை கொடுக்கிறோம். குடிவந்த பிறகுதான் லிஃப்ட் மாதக்கணக்காக ஓடவில்லை என்று தெரிகிறது.

பராமரிப்பைத் தீர்மானிப்பது உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். பராமரிப்புக் காசு எங்கள் வாடகைக்குள்ளால் போகிறது. கூட்டத்தில் எங்களுக்குக் கதிரை இல்லை. வாடகைக்கு இருப்பவர்களின் குரலும் அங்கே கேட்கப்பட வேண்டும்.

அதுவரை, அட்வான்ஸ் கட்ட முதல் படிக்கட்டால ஏறிப் பாருங்கோ. தண்ணித் தாங்கியை, தீயணைப்புக் கருவியில் இருக்கிற திகதியைப் பாருங்கோ. பக்கத்து வீட்டு அன்ரியிட்ட கேளுங்கோ.

ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷம் எண்டால் நல்லம்தான். வாசலுக்கு இறங்கவே பத்து நிமிஷம் எண்டால்?